ஒரு பக்கமாகவே மெல்வதால் முதுகு வளையுமா?

ஈரோட்டுக்காரி
மகளுக்கு 13 வயது. தீபாவளிப் பாவாடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, தையல் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை பிரித்துத் தைக்கக் கொடுத்தேன். அப்புறம் எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் வலது தோள்பட்டை எலும்பு மட்டும் புடைத்திருப்பதைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் 28 டிகிரி வளைவு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ், உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் போட வேண்டும் என்றார்கள். இவள் சின்ன வயதிலிருந்தே இடது பக்கம்தான் மெல்லுவாள், முறுக்குத் துண்டைக்கூட நாக்கால் அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். பல் டாக்டர் ஒருவர், தாடையைச் சரிசெய்தால் முதுகு தானாக நிமிரும், பிரேஸ் வேண்டாம் என்கிறார். நிஜமா? தூக்கமே வரவில்லை.

பிசியோ_தம்பி
அக்கா, பிரேஸைத் தள்ளிப்போடாதீர்கள். வளரும் வயதில் 25 முதல் 40 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அது பலன் தரும். 2013-ல் வெளிவந்த அமெரிக்க, கனடா ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடாமலே வளர்ச்சி முடிந்தது, போடாதவர்களில் 48 சதவீதம்தான். தினம் சுமார் 13 மணி நேரமும் அதற்கு மேலும் போட்டவர்களில் 90-ஐத் தாண்டியது. ஸ்கோலியோசிஸ் பிள்ளைகளிடம் பல் வரிசைக் கோளாறு கூடுதலாகத் தென்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான், ஆனால் இரண்டும் சேர்ந்து இருப்பதாலேயே ஒன்றால் மற்றது வந்தது என்று ஆகாது. பல்லைச் சரிசெய்து இந்த வளைவு நிமிரும் என்பதற்கு நம்பும்படி ஆதாரம் கிடையாது.

பல்_சீரமைப்பு
ஒரே பக்கம் மெல்வதை அதற்காக விட்டுவிடவும் கூடாது. மேல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லுக்கு வெளியே வந்து கடிக்க வேண்டும், உள்ளே இறங்கினால் அது கிராஸ்பைட், அந்தப் பக்கம் மெல்லும்போது தாடை சுழலும் திசையே மாறிவிடும். மேல் தாடையை விரிக்கும் சிகிச்சை இந்த வயதில் சுலபம். முதுகுச் சிகிச்சையால் கடி கெட்டதுண்டு: 1940-களில் அமெரிக்காவில் வந்த மில்வாக்கி பிரேஸ் தாடையைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் பற்கள் நகர்ந்து கடியே மாறியதால் பிற்பாடு அந்தப் பகுதியை மாற்றியமைத்தார்கள். இப்போது பரவலாகப் போடும் பாஸ்டன் வகை அக்குளோடு நின்றுவிடும், தாடையைத் தொடாது.

பிரேஸ்_போட்டவள்
நான் மூன்று வருடம் போட்டேன் அக்கா. முதல் இரண்டு வாரம் பாதித் தட்டுச் சோற்றிலேயே வயிறு முட்டும். அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை கொடுத்தார், அவசரப்படுத்தாமல் நன்றாக மென்று சாப்பிட விட்டார். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன் போடுங்கள், வியர்த்தால் உடனே மாற்றுங்கள். தோல் சிவந்து அரை மணி நேரத்துக்கு மேல் மாறாவிட்டால் பிரேஸ் செய்தவரிடம் காட்டுங்கள்.

ஈரோட்டுக்காரி
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன், இடது பக்கம் மேல் கடைவாய்ப்பல் இரண்டும் உள்ளேதான் இறங்குகின்றன. அதற்கு வேறு பல் டாக்டரைப் பார்க்கிறேன். பிரேஸுக்கு நாளைக்கே அளவு கொடுக்கப் போகிறோம். பனியன் எத்தனை வாங்க வேண்டும், ஆறு போதுமா?