ஆலமரத்துக்காடு குடும்பம்: வியாழன் இரவு

செந்தில்: (படம்: கட்டை மேல் நிற்கும் பிக்கப், பின் சக்கரம் இரண்டும் கழற்றியபடி)

செந்தில்: பின் ஆக்சிலுக்கு டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுகிறேன். களத்திலேயே வேலை. திங்கள் வரை யாரும் வண்டி கேட்காதீர்கள்.

சரசு அத்தை: ஞாயிறுதானே எட்டுக்கை அம்மனுக்குப் பொங்கல். அண்டாவெல்லாம் எதில் ஏற்றுவது?

கவிதா: அந்தச் சிவப்பு வாளி என்னுடையது. அதிலா பிரேக் ஆயில்?

மணி மாமா: யூடியூப் மெக்கானிக் வாழ்க

செந்தில்: போன வாரம் கொல்லிமலை இறங்கும்போது இடது பின் சக்கரம் பிடிக்கவே இல்லை மாமா. 70 கொண்டை ஊசி. நீங்கள் ஓட்டியிருந்தால் தெரியும்.

பெரியப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பிரேக் லைனிங் நனைந்து கறுத்திருக்கிறது. விரலில் தொட்டு மோந்து பார். கியர் ஆயில் நாற்றம் அடித்தால் ஆக்சில் சீல், இல்லையென்றால் வீல் சிலிண்டர் ரப்பர். சீல் ஒழுகினால் டிஸ்க் போட்டாலும் பேடு நனையத்தான் செய்யும். அப்புறம், டிரம்மில் சக்கரம் சுற்றுகிற சுற்றே லைனிங் ஒட்டிய முன் ஷூவை டிரம்மோடு இழுத்து ஒட்டிவிடும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, மொத்த அழுத்தமும் பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்துதான் வர வேண்டும். டிஸ்க்கைக் கவ்வுகிற கேலிப்பரின் பிஸ்டன் பெரிதாக இருந்தால் ஆயில் அதிகம் கேட்கும், பெடல் ஆழமாகப் போகும். டெக்குக்கு அடியில் ஆக்சிலோடு கம்பியில் கோத்த வால்வு ஒன்று இருக்கிறதே, பளுவுக்குத் தகுந்த மாதிரி பின்பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது அதுதான். அது டிரம்முக்குக் கணக்குப் பண்ணியது. காலி வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வளைவில் வால் சுழன்றுவிடும்.

மணி மாமா: அண்ணா, வால்வு வரும்போது தூங்கிவிட்டேன்

பிரபு: ஹேண்ட்பிரேக்?

செந்தில்: அது அப்புறம்.

பெரியப்பா: அப்புறமா? அந்தக் கேபிள் இழுப்பதே இந்த ஷூவைத்தான். ஷூவைக் கழற்றிவிட்டால் கேபிள் எதை இழுக்கும்? ஹேண்ட்பிரேக் லீவரோடு வரும் கேலிப்பர் தனி.

சரசு அத்தை: அப்பாரு வண்டி தானாக உருண்டு கிணற்றுக்குள் போனது மறந்துபோச்சா?

மணி மாமா: தானாக ஒன்றும் போகவில்லை அக்கா. கட்டை போடச் சொன்னது யாரிடம் என்று கேளுங்கள்.

பெரியப்பா: மணி, அந்தப் பேச்சு வேண்டாம்.

கவிதா: ஆரம்பித்துவிட்டார்கள்

பிரபு: வண்டிக்கு எஃப்சி, அதாவது தகுதிச் சான்று, எப்போது?

செந்தில்: அடுத்த மாதம்.

பிரபு: மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைப் படி. கம்பெனி அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஏதாவது ஆனால் இன்சூரன்சும் கையை விரித்துவிடும்.

மணி மாமா: வக்கீல் வந்தாச்சு. ஃபீஸ் எவ்வளவு?

பெரியப்பா: செந்தில், ஆக்சில் ஹவுசிங்கில் வெல்டிங் வைத்தாயா?

பெரியப்பா: நீல டிக் விழுந்துவிட்டது.

செந்தில்: பிராக்கெட் நிற்பதற்கு இரண்டு பொட்டு மட்டும் பெரியப்பா.

பெரியப்பா: கண்ணு, அதற்குமேல் கை வைக்காதே. காலை ஆறு மணிக்கு வருகிறேன். இரண்டு பக்கத்துக்கும் சீல், லைனிங், சிலிண்டர் கிட் வாங்கி வை. என் ஜாக்கியையும் எடுத்து வை, கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது.

செந்தில்: ஜாக்கி மணி மாமாவிடம்.

மணி மாமா: என்னிடமா?

செந்தில்: முன்னால் டிஸ்க்தானே இருக்கிறது, பின்னால் மட்டும் ஏன் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பெரியப்பா: அத்தனை நீளம் எதற்கு அடித்தேன்? காலையில் பேசலாம். பழைய டிரம் பத்திரம்.

சரசு அத்தை: மத்தியானம் பழைய இரும்புக்காரர் வந்தாரே?

கவிதா: செந்தில் ஆன்லைனில்தான் இருக்கிறான்

செந்தில்: ஒன்று இருக்கிறது.

சரசு அத்தை: அண்டாவுக்கு என்ன வழி?