பீபாப் கேட்கும்போது எதைப் பிடித்துக்கொள்வது?

மாடவீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மயிலாப்பூரில் வசிப்பவள்; பன்னிரண்டு ஆண்டுகள் வயலின் கற்றுக்கொண்டேன். மார்கழி வந்துவிட்டால் சபா சபாவாகச் சென்று கேட்கும் வழக்கம் உண்டு. கற்பனாஸ்வரத்தில் பாடகர் எந்த இடத்துக்கு வந்து சேரப்போகிறார் என்பதை ஓரளவு முன்கூட்டியே உணர முடிகிற அளவுக்குக் காது பழகியிருக்கிறது.

சென்ற மாதம் ஜாஸ் கேட்கத் தொடங்கினேன். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் டியூக் எலிங்டனும் முதல் நாளிலேயே மனத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ஆனால் பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியின் முன்னோடியான சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1945-இல் பதிவு செய்த ‘கோ-கோ’வைக் கேட்டபோது நிலைகுலைந்து போனேன். மூன்று நிமிடம்கூட நீளாத அந்தப் பதிவை ஒரே இரவில் பத்து முறை கேட்டிருப்பேன். அவருடைய ஞானத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகச் சுத்தமாக விழுகிறது. இருந்தும் எங்கே தொடங்குகிறார், எங்கே திரும்புகிறார், எதைச் சுற்றி வருகிறார் என்பது விளங்கவில்லை. ராகம் என்று ஒன்று பிடிபடவில்லை; திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் இல்லை.

ஜனங்கள் ஜோடி ஜோடியாக நடனமாடிக்கொண்டிருந்த ஓர் இசை, சில ஆண்டுகளுக்குள் இப்படி ஆனது எவ்வாறு? கேட்கும்போது நான் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பெரம்பூர் பியானோ எழுதியது:

மாடவீதி அவர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாகப் பியானோ சொல்லிக்கொடுத்து வருகிறேன். கர்நாடக இசை கற்றுவிட்டு ஜாஸுக்கு வருகிற மாணவர்கள் பெரும்பாலும் நீங்கள் நிற்கிற இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். உங்கள் காது தம்புராவில் பழகிய காது. வர்ணம் முதல் மங்களம் வரை, ஆதார சுரமான ஸட்ஜம் நகர்வதில்லை. ராகங்கள்தாம் அதன்மேல் வந்து போகின்றன. பீபாபிலோ உங்கள் காலடியில் இருக்கும் ஸட்ஜமே நகர்ந்துகொண்டிருக்கிறது.

‘கோ-கோ’வையே எடுத்துக்கொள்வோம். அது ரே நோபிள் 1938-இல் இயற்றிய ‘செரோக்கி’ என்ற பாட்டின் கார்டுகள்மேல், அதாவது மெட்டுக்குத் துணையாகச் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களின் வரிசைமேல், கட்டப்பட்டது. அந்தப் பாட்டுக்கு மொத்தம் 64 பார் (தாளப் பகுதி). ஒரு பாருக்கு நான்கு தட்டு. பதினாறு பதினாறாக நான்கு பகுதிகள். முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. ‘பிரிட்ஜ்’ என்று வாத்தியக்காரர்கள் சொல்லும் அந்த மூன்றாம் பகுதியில்தான் கடினமான வேலை நடக்கிறது. உங்கள் கணக்கில் சொன்னால், அதன் முதல் நான்கு பாரில் சுத்த ரிஷபம் புதிய ஸட்ஜமாகிவிடுகிறது; அடுத்த நான்கில் காகலி நிஷாதம்; அதற்கடுத்த நான்கில் சதுச்ருதி தைவதம்; கடைசி நான்கு, பழைய ஸட்ஜத்துக்குத் திரும்பும் பாதை. பார்க்கர் வாசிக்கும் வேகம் ஏறத்தாழ நிமிடத்துக்கு 300 தட்டு என்பதால், மூன்று வினாடிக்கு ஒரு முறை ஆதாரம் இடம் மாறுகிறது. இதைச் சுருதிபேதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சுருதிபேதத்தில் சுரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆதாரம் மட்டும் மாறியதுபோல் காட்டுகிறோம். இங்கே ஆதாரமும் அதைச் சார்ந்த எல்லாச் சுரங்களும் சேர்ந்தே பெயர்ந்து போகின்றன.

இனி, உங்களுக்கு ஏன் எதுவும் பிடிபடவில்லை என்பதற்கு வருகிறேன். 1945 நவம்பர் 26-ஆம் தேதி நடந்த அந்தப் பதிவின் முதல் முயற்சி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதில் முன்னுரை முடிந்ததும் சாக்ஸஃபோனும் டிரம்பெட்டும் ‘செரோக்கி’யின் மெட்டையே வாசிக்கத் தொடங்குகின்றன, சில நொடிகளில் பாட்டு நிறுத்தப்படுகிறது. வெளியான பதிவில் அந்த மெட்டு அறவே இல்லை. முன்னுரை முடிந்த மறுகணம் பார்க்கர் நேராகக் கற்பனையில் இறங்கிவிடுகிறார். ஆகவே நீங்கள் தேடிய பல்லவியை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். ஆனால் அது வாத்தியக்காரர்கள் எல்லோர் மனத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் தாளம் போடாமல் மனத்துக்குள் ஆவர்த்தனத்தை எண்ணிக்கொண்டு பாடுபவரைப் போல, அவர்கள் வாசிக்கப்படாத ஒரு பாட்டை எண்ணிக்கொண்டு வாசிக்கிறார்கள். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பாட்டைத்தான்.

செய்முறை எளிது. சார்லி பார்னெட் குழு வாசித்த ‘செரோக்கி’யை, மெட்டு வாயில் வரும்வரை கேளுங்கள், நீண்ட நீண்ட சுரங்கள் கொண்ட சுலபமான மெட்டுதான். பிறகு ‘கோ-கோ’வைப் போடுங்கள். முன்னுரை 32 பார். பார்க்கர் தனியாகத் தொடங்கும் அந்த இடத்தில் நீங்களும் ‘செரோக்கி’யை முனகத் தொடங்குங்கள். பாட்டை இரண்டு முறை முழுமையாக முனகி முடிக்கும்போது அவரும் முடித்திருப்பார். அதற்குப் பின் வருவது மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ்.

இன்னொரு நுட்பத்தையும் கவனித்துப் பாருங்கள். ஹரிகாம்போதி ராகத்தின் சுரங்களோடு காகலி நிஷாதத்தையும் சேர்த்து, மேல் ஸட்ஜத்திலிருந்து இரண்டு நிஷாதங்களையும் அடுத்தடுத்துத் தொட்டபடி ஒரு தட்டுக்கு இரண்டு சுரமாக இறங்கினால், தட்டு விழும் இடங்களில் ஸட்ஜம், கைசிகி நிஷாதம், பஞ்சமம், காந்தாரம் ஆகிய நான்கும் அமரும். அந்த நான்குமே கார்டின் சுரங்கள். மற்றவை இடையில் கடந்து போகின்றன. எவ்வளவு வேகமாகப் போனாலும் பார்க்கரின் வரிசைகள் குழம்பாமல் தெளிவாகக் கேட்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். காம்போதியில் காகலி நிஷாதம் எட்டிப் பார்க்கும் சுகத்தை அறிந்த உங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் அங்கே அது ராகத்தின் பாவத்துக்காக வருகிறது, இங்கே கணக்கு பொருந்துவதற்காக வருகிறது என்ற வேறுபாட்டையும் மறந்துவிடக் கூடாது.

தோல்வாத்தியம் எழுதியது:

பியானோ ஐயா சுரத்தின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் சிறு வயதில் மிருதங்கம் பயின்று, பிறகு டிரம்ஸுக்கு வந்தவன். லயத்தின் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன்.

பீபாபுக்கு முன் ஜனங்கள் ஆடிய ஸ்விங் இசையில் டிரம்மர் வலது காலால் பேஸ் டிரம்மை ஒவ்வொரு தட்டுக்கும் மிதிப்பார். ஆடுகிறவர்களின் கால்களுக்கு அந்த ஓசைதான் வழிகாட்டி. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸில் 1940-களின் தொடக்கத்தில் வாசித்துவந்த கென்னி கிளார்க் அந்தப் பொறுப்பைக் காலிலிருந்து எடுத்து, வலது கையால் வாசிக்கும் ‘ரைடு’ சிம்பல் என்ற உலோக வட்டுக்குக் கொடுத்தார். காலப்பிரமாணம் சிம்பலின் மெல்லிய ஒலியில் தொடர்ந்து ஓட, காலும் இடது கையும் விடுதலை பெற்றன. எதிர்பாராத இடத்தில் பேஸ் டிரம்மை ஓங்கி ஓர் அடி அடித்து, வாசிப்பவரைத் தூண்டிவிட முடிந்தது. அந்த அடிகளுக்கு ‘வெடிகுண்டு’ என்றே அவர்களுக்குள் பெயர். ஆடுகிறவனுக்கு இது இடைஞ்சல். உட்கார்ந்து கேட்கிறவனுக்கு இது விருந்து. இந்த ஒரு மாற்றம் இல்லாமல் பீபாப் பிறந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

‘கோ-கோ’வை அடுத்த முறை கேட்கும்போது பார்க்கரை விட்டுவிட்டு ரோச்சை மட்டும் பின்தொடருங்கள். வாக்கியங்கள் பெரும்பாலும் தட்டின்மேல் தொடங்குவதில்லை என்பதும் அப்போது தெரியவரும். அரை இடம் தள்ளி எடுப்பு வைத்த, அதாவது தட்டு விழுந்த பிறகு பாட்டு தொடங்கும், கிருதியைக் கேட்டுப் பழகியவருக்கு இந்த இடத்தில் ஒரு வீட்டு வாசனை அடிக்கும்.

இந்த உறவை ஜாஸ் கலைஞர்களும் உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புருபெக்கின் குழு 1958-இல் சென்னைக்கு வந்தபோது மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தது.

பழைய இசைத்தட்டு எழுதியது:

‘சில ஆண்டுகளுக்குள் எப்படி’ என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மேலே எழுதிய இருவரும் வாத்தியக்காரர்கள் என்பதால் கலையின் உள்ளிருந்து பேசியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த நெருக்கடிகளும் அதே அளவுக்கு முக்கியம் என்று கருதுகிறேன்.

முதலாவதாக, அந்த மாற்றம் நமக்குத் திடீரென்று தோன்றுவதற்கே ஒரு காரணம் உண்டு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இசைத்தட்டுப் பதிவுகளைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்களான கொலம்பியாவும் விக்டரும் பணிந்துவந்தது 1944 நவம்பரில்தான். பார்க்கரும் டிரம்பெட் கலைஞர் டிஸி கில்லஸ்பியும் எர்ல் ஹைன்ஸின் குழுவில் ஒன்றாக வாசித்த 1943-ஆம் ஆண்டு இந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டதால், அந்தக் குழுவின் இசைத்தட்டு என்று எதுவும் நம்மிடம் இல்லை. ஒரு குழந்தை தவழ்ந்த பருவத்தையும் தளர்நடை போட்ட பருவத்தையும் பார்க்காமல், ஓடும்போதுதான் முதன்முதலில் பார்க்கிறோம். மின்டன்ஸில் 1941-இல் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் தம் சொந்தக் கருவியில் செய்த பதிவுகள் பிழைத்திருக்கின்றன. அவற்றில் சார்லி கிறிஸ்டியனின் கிதாரைக் கேட்டால், பழையதும் புதியதும் ஒரே மேடையில் உரசிக்கொள்வது தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, பணம். 1944-இல் நடனமும் பாட்டும் நடக்கும் விடுதிகளுக்கு அமெரிக்க அரசு 30 விழுக்காடு வரி விதித்தது. பின்னர் அது 20 விழுக்காடாகக் குறைந்தது. வாத்திய இசை மட்டும் இருந்து, யாரும் ஆடாமல் இருந்தால் அந்த வரி இல்லை. பதினைந்து பேர் கொண்ட குழுவுக்குச் சம்பளம் கொடுத்து, அதற்குமேல் வரியும் கட்டுவதைவிட, ஐந்து பேரை வைத்துக் கேட்கமட்டும் இசை நடத்துவது விடுதிக்காரருக்கு இலாபம். பிறருடைய கார்டுகள்மேல் புதிய மெட்டு அமைப்பதிலும் இந்தக் கணக்கு உண்டு. மெட்டுக்குத்தான் உரிமைத்தொகை, கார்டுகளின் வரிசைக்கு யாரும் உரிமை கோர முடியாது. கெர்ஷ்வினின் ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் கார்டுகள்மேல் எத்தனையோ பீபாப் மெட்டுகள் பிறந்ததற்கு, கலைக் காரணத்தோடு இதுவும் துணை நின்றது.

மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். ஊரை மகிழ்விப்பவர்களாக மட்டும் நடத்தப்பட்டு, ஸ்விங் இசையின் பெரும் வருமானமும் புகழும் வெள்ளையர் குழுக்களுக்குப் போவதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். ‘நாங்கள் கலைஞர்கள், உட்கார்ந்து கேளுங்கள்’ என்ற கோரிக்கை அந்த இசையின் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கிறது. சபாவில் அமர்ந்து ராகம் கேட்கும் உரிமையை இயல்பானதாக எடுத்துக்கொண்டிருக்கிற நாம், அந்தக் கோரிக்கையின் எடையைக் கொஞ்சம் நின்று உணர வேண்டும். பார்க்கர் 1955 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு வயது 34.

மாடவீதி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பியானோ ஐயா சொன்னபடியே மூன்று நாட்கள் ‘செரோக்கி’யை மட்டும் கேட்டேன். நேற்றிரவு வயலினில் அந்த மெட்டை மெல்லிய வில்லில் வாசித்துக்கொண்டே ‘கோ-கோ’வை ஓடவிட்டேன். முதல் இரண்டு முறையும் பிரிட்ஜில் தவறிப்போனேன். விரல் பழைய ஸட்ஜத்தைவிட்டு நகர மறுத்தது. மூன்றாம் முறை சுத்த ரிஷபத்துக்குத் தாவும் இடத்தில் நானும் அவரும் ஒரே நேரத்தில் தாவினோம். உடல் சிலிர்த்துவிட்டது. நேற்றுவரை சுரங்களின் மழையாகக் கேட்ட அந்த இடம், இப்போது படிப்படியாக இறங்கும் மாடிப்படியாகக் கேட்கிறது.

ஒரே ஒரு துணைக்கேள்வி. இத்தனை வேகமாக நகரும் ஆதாரத்தோடுதான் ஜாஸ் இன்றுவரை வாழ்கிறதா? நம்மைப் போல் ஓரிடத்தில் நின்று விரிவாகப் பாடும் ஆசை அவர்களுக்கு வரவே இல்லையா?

பெரம்பூர் பியானோ எழுதியது:

வந்தது, அதுவும் பார்க்கரின் பக்கத்தில் நின்றவருக்கே வந்தது. ‘கோ-கோ’ பதிவான அதே நாளில், அதே அமர்வில், வேறு பாட்டுகளுக்கு டிரம்பெட் வாசித்தவர் 19 வயது மைல்ஸ் டேவிஸ். 1948-இல் ஒன்பது பேர் குழு ஒன்றை அமைத்து, 1949-1950 பதிவுகளில் வேகத்தைத் தணித்துப் பார்த்தவரும் அவரே. இடையில் ஆர்ட் பிளேக்கி, ஹொரேஸ் சில்வர் போன்றோர் தேவாலயப் பாட்டின் சாயலையும் புளூஸின் கனத்தையும் சேர்த்து ‘ஹார்ட் பாப்’ என்ற கிளையை வளர்த்தார்கள். அதைத் தனியே ஒரு நாள் பேசலாம். உங்கள் கேள்விக்கு நேரான விடை, மைல்ஸ் 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டின் முதல் பாட்டான ‘ஸோ வாட்’.

அதற்கு 32 பார். முதல் 16 பாருக்கும் ஒரே சுரவரிசை, கார்டுகள் துரத்துவதில்லை. அந்தச் சுரவரிசை உங்களுக்கு நன்கு தெரிந்ததுதான்: நம் கரஹரப்பிரியாவின் ஏழு சுரங்கள். அடுத்த எட்டுப் பாருக்கு அதே கரஹரப்பிரியா அரை சுரம் மேலே ஏறி நிற்கிறது. கடைசி எட்டில் பழைய இடத்துக்கு இறங்கிவிடுகிறது. கமகம் இல்லாததால் அதை ராகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓரிடத்தில் நின்று மூச்சுவிட்டுப் பாடும் அமைதி அதில் இருக்கிறது.

அந்த இசைத்தட்டில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், அடுத்த மாதமே, 1959 மே மாதத்தில், ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதில் ஸட்ஜம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம் ஆகிய மூன்று இடங்களுக்கும் ஆதாரம் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. பல இடங்களில் இரண்டு தட்டுக்கு ஒரு கார்டு. நிற்பதையும் ஓடுவதையும் ஒரே மனிதர் சில வாரங்களுக்குள் செய்து பார்த்திருக்கிறார்.

முதலில் ‘ஸோ வாட்’ கேளுங்கள். தாளமில்லாத சிறு முன்னுரைக்குப் பிறகு பால் சேம்பர்ஸின் பேஸ் ஒரு கேள்வி கேட்கும்; குழு இரண்டே கார்டுகளில் பதில் சொல்லும். இந்த உரையாடல் முழுவதும் அரை சுரம் மேலே ஏறும் இடத்தில் கையில் வயலின் இருக்கட்டும்.