ஸ்டைலிஸ்டிக்ஸ் முதல் ஆல்பத்தில் பாடகர் குரலே வரவில்லை, அவசரம்

கீறல்தட்டு: வணக்கம். அமெரிக்க சோல் இசைக்குழு தி ஸ்டைலிஸ்டிக்ஸின் 1971 ஆல்பம் போட்டால் முன்னால் நின்று பாடுகிறவர் குரலை மட்டும் காணோம். வயலின், பின்னால் இழுக்கும் கூட்டுக் குரல் எல்லாம் வருகிறது. முன்பு நன்றாகத்தான் பாடியது. இன்றிரவு அப்பாவுக்குப் போட்டுக் காட்டணும். என்ன செய்ய?

ஊசிமுனை: எதில் போட்டால்? இசைத்தட்டா, சிடியா, போனா?

மாடிவீட்டு ரேடியோ: தட்டு தேய்ந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள்.

ஊசிமுனை: தேய்ந்தால் எல்லாம் சேர்ந்துதான் தேயும் அண்ணே. பாடகரை மட்டும் பொறுக்கியெடுத்துத் தேயாது.

வெண்டைக்காய்: அது ஒரு பெண்தானே பாடுவது?

பெரியவர்78: பெண் அல்ல. ரசல் தாம்ப்கின்ஸ் ஜூனியர், கள்ளக்குரலில் பாடுகிறார். தயாரிப்பாளர் தாம் பெல் பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தது. இதுகூடத் தெரியாமல் பதில் எழுத வந்துவிடுகிறார்கள். கேள்வி கேட்டவரும் பழைய இழைகளைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

ஊசிமுனை: இந்த ஆல்பத்தில் 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்' பாட்டு மட்டும் தாம் பெல் வருமுன் வேறு ஸ்டுடியோவில் பதிவானது. அதிலும் குரல் இல்லையா?

வெண்டைக்காய்: 'யூ ஆர் எவ்ரிதிங்' பாட்டில் வரும் சித்தாராவது கேட்கிறதா?

பெரியவர்78: அது சித்தார் அல்ல, மின் சித்தார். கிதார் வாசிப்பவர்களுக்காகச் செய்தது. தந்தியைத் தாங்கும் பிரிட்ஜில் தந்தி உரசி அந்தக் கரகரப்பு வருகிறது.

வெண்டைக்காய்: தம்பூராவில் தந்திக்கடியில் ஜீவாளி நூல் வைப்பதும் அதற்குத்தானே ஐயா. பெயரில் என்ன இருக்கிறது?

பெரியவர்78: நிறைய இருக்கிறது.

கீறல்தட்டு: இசைத்தட்டுதான். 'பிக் கேர்ள்' பாட்டிலும் குரல் இல்லை. பிளேயரிலிருந்து ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் போகிறது. போன வாரம் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜை நானே மாற்றினேன், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து முதலில் எழுதவில்லை.

ஊசிமுனை: சம்பந்தமே அதுதான்! நடுவில் வைத்த குரல் இடம், வலம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கும். கார்ட்ரிட்ஜில் ஒரு பக்கத்துக் கம்பிகள் இரண்டும் இடம் மாறினால் அந்தப் பக்கத்து அலை தலைகீழாகிவிடும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். ஓரத்தில் வைத்தது மட்டும் மிஞ்சும். கம்பிகளின் நிறம்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். சந்தேகமிருந்தால் இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ தட்டு ஒன்றைப் போடுங்கள். பாட்டு ஏறக்குறைய காணாமல் போய்க் கீறல் சத்தம் மட்டும் வந்தால் உறுதி. கம்பியைச் சாமணத்தால் பிடியுங்கள், முடி மாதிரி அறுந்துவிடும்.

வெண்டைக்காய்: அப்படியென்றால் வீணையில் ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப் வைத்தால் அது வீணை இல்லையா?

பெரியவர்78: அது வேறு விஷயம்.

கீறல்தட்டு: சிவப்பும் பச்சையும் மாறியிருந்தன. இப்போது பாடுகிறார். அப்பா "யாருடா இந்தப் பொண்ணு" என்கிறார். நன்றி.

மாடிவீட்டு ரேடியோ: எதற்கும் ஒருமுறை கழுவிவிடுங்கள்.