காமெடியன்கள் மோதும் பட்டிமன்றம்: தீர்ப்பு நடுவர் கையிலா, அரங்கத்தின் கையிலா?

கொக்கரக்கோ:

ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் நாலு பேரை ரெண்டு அணியா உட்கார வெச்சு, "காலைக் குளியலா, ராத்திரிக் குளியலா" மாதிரி ஒரு அன்றாடக் கேள்விய வாதாட விடுற நிகழ்ச்சிகளைப் பத்திதான் இந்த இழை. முடிவ எப்படிச் சொல்றதுங்கிறதுல என் கட்சி உறுதியானது. கைதட்டல வெச்சு ஜெயிச்சது யாருன்னு சொல்ற பழக்கம் போகணும். நடுவர்னு ஒருத்தர உட்கார வெச்சு, தீர்ப்ப அவர் கையில குடுக்கணும்.

சிரிப்புதான் ஜெயிக்கும்னு தெரிஞ்சதும் காமெடியன் வாதத்தக் கைகழுவிடுவார். பல மேடையில ஓடித் தேறின தன்னோட அஞ்சு நிமிஷத்த எடுத்து, முதல் வரியில மட்டும் "காலைக் குளியல்"னு ஒட்டவெச்சுப் பேசிட்டுப் போயிடுவார். சிரிப்பு வரும், சந்தேகமே இல்ல. ஆனா எதிரணிக்காரர் எழுந்து பதில் சொல்ல அதுல ஒண்ணுமே இருக்காது. வரிசையா நாலு பேர் வந்து தனித்தனியா காமெடி பண்ணிட்டுப் போறதுக்கு எதுக்கு ரெண்டு மேஜை?

மைக்டெஸ்டிங்:

கைதட்டல் வேண்டாம்கிறதுல நானும் உங்க பக்கம்தான், காரணம் மட்டும் வேற. போன்ல டெசிபல் மீட்டர் ஆப்ப ஓடவிட்டுத் திரையில காட்டுறாங்களே, அது சும்மா வேடிக்கை. எல்லாரும் ஒரே பலத்துல தட்டினாங்கன்னு வெச்சுக்கிட்டாலும், 60 பேர் தட்டுறதுக்கும் 40 பேர் தட்டுறதுக்கும் வித்தியாசம் 2 டெசிபல்கூட வராது. ஆள் ரெண்டு மடங்கானாதான் 3 டெசிபல் ஏறும். முன் வரிசையில ஒருத்தர் விசில் அடிச்சா அந்த 2 டெசிபல் காலி. இதுக்கு மேல, சத்தம் கூடினா போன் தானா அத அமுக்கப் பாக்கும். கடைசியில ரெண்டு அணிக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் நிக்கும்.

அதுக்காக நடுவர் காலடியில போய் விழணுமா? வாக்கெடுப்ப ஒழுங்கா நடத்தினாப் போதும். பேச்சுக்கு முன்னாடி ஒரு வாக்கு, எல்லாரும் பேசி முடிச்சப்புறம் ஒரு வாக்கு. யார் அதிகம் பேரைத் தன் பக்கம் இழுத்தாங்களோ அவங்களுக்கு வெற்றி. இன்டெலிஜென்ஸ் ஸ்கொயர்டுங்கிற ஆங்கில மேடை விவாதங்கள்ல பார்த்திருப்பீங்க.

ஒரு கணக்கு போடுறேன். 100 பேர் அரங்கு. தொடக்கத்துல காலைக் குளியலுக்கு 62, ராத்திரிக்கு 23, முடிவு பண்ணாதவங்க 15. முடிவுல 66க்கு 34. காலை அணி 4 ஏறிச்சு, ராத்திரி அணி 11 ஏறிச்சு. ஜெயிச்சது ராத்திரி அணி, அரங்குல பெரும்பான்மை காலைக்குன்னாலும். பழைய அஞ்சு நிமிஷத்த ஒப்பிச்சுட்டு இந்த 11 பேரை நகர்த்த முடியாது. வாதம் வெச்சாத்தான் நகருவாங்க. உங்க குறைக்கு மருந்து இதுதான்.

கொக்கரக்கோ:

கணக்கு சரி. ஒரு அணிக்காரரோட நண்பர்கள் 10 பேர் வந்து, முதல் வாக்குல வேணும்னே எதிரணிக்குப் போட்டு, ரெண்டாவது வாக்குல தன் ஆளுக்குப் போட்டா? வாயே திறக்காம 10 ஏறிடுச்சு. சின்ன அரங்குல பாதிப் பேர் மேடையில இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சவங்கதான்.

நடுவர்நாற்காலி:

நடுவர் என்றாலே தீர்ப்புச் சொல்ல வந்தவர் என்று இருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். தீர்ப்பு கடைசி ஐந்து நிமிடம். அதற்கு முன்பு முழு நேரமும் அந்த நாற்காலிக்கு வேலை இருக்கிறது.

சாலமன் பாப்பையா நடுவராக அமர, ராஜாவும் பாரதி பாஸ்கரும் எதிரெதிர் அணிகளில் பேசிய சன் தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களைச் சிரிப்பை ஒதுக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். ஒருவர் பேசி அமர்ந்ததும் நடுவர் உடனே அடுத்தவரை அழைத்துவிடுவதில்லை. நல்ல நடுவர் அந்தப் பேச்சிலிருந்து ஒரே ஒரு வாதத்தைப் பிடுங்கி, இன்னும் கொஞ்சம் கூராக்கி, "இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?" என்று எதிரணி மடியில் போடுவார். பழைய சரக்கை ஒப்பிக்க வந்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். கொக்கரக்கோ கேட்கும் பதிலுக்குப் பதில் உருவாகும் இடம் இதுதான். எந்த வாக்குப் பெட்டியாலும் இந்த வேலையைச் செய்ய முடியாது.

காரைக்குடிக் கம்பன் கழக மேடை, குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்த மேடை என்று இலக்கியப் பாத்திரங்களை வைத்து நடந்த காலத்திலிருந்து இந்த வடிவம் தேய்ந்து தேய்ந்து பழக்கப்பட்டது. பொருள் வீட்டுச் சமாசாரமாக மாறிய பிறகும் எலும்புக்கூடு அதேதான்.

நடுவர்கள் கெடுப்பதும் உண்டு, மறைப்பானேன்? பேச்சாளர் சொல்லிச் சிரிக்க வைத்த வரியை நடுவர் மறுபடி சொல்லிக் காட்டுவார். இரண்டாம் சிரிப்பு பாதியாகத்தான் வரும், அந்தச் சோர்வில் அடுத்தவர் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். இடையுரைக்கு இரண்டு நிமிடம் என்று கட்டிப்போடுங்கள். மேஜையில் இருக்கும் மணி பேச்சாளருக்கு மட்டுமல்ல, நடுவருக்கும்தான்.

சுண்டெலி:

ஐயா, பட்டிமன்றத் தீர்ப்பு எப்படி முடியும்னு டிக்கெட் கிழிக்கிறவருக்கே தெரியும். "அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும், ஆனாலும்..." இதுக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம்?

தீர்ப்ப விடுங்க, தலைப்பு சொதப்பினா எந்த முறையாலயும் காப்பாத்த முடியாது. "செல்போன் நன்மையா தீமையா" வேண்டவே வேண்டாம். நாலு பேரும் அறிவுரை சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. "கணவனா மனைவியா" ரகமும் வேண்டாம், அதுல சொல்லாத ஜோக்கே மிச்சமில்ல, எல்லாம் அரங்கத்துக்கு மனப்பாடம். தலைப்புல கையால தொடுற ஒரு பொருள், தினமும் செய்யுற ஒரு வேலை இருக்கணும். பற்பசைய நடுவுல அழுத்துறதா, அடியிலிருந்து உருட்டுறதா. தகவல எழுதி அனுப்புறதா, குரல்பதிவாப் போடுறதா. அலாரம் ஒண்ணா, அஞ்சா. ரெண்டு பக்கமும் செய்யுற ஆளு அரங்குல இருக்கணும். சந்தேகமா இருந்தா 20 பேர்கிட்ட கேட்டுப் பாருங்க. 16 பேருக்கு மேல ஒரே பக்கம் சாஞ்சா அந்தத் தலைப்பக் கிழிச்சுப் போடுங்க. சிறுபான்மை அணி முழு நேரமும் அரங்கத்தோட சண்டை போடும், எதிரணியோட போடாது.

எழில்:

சுண்டெலி சொன்ன அலாரத்தையே எடுத்துக்கலாம். நல்ல தலைப்பு, ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. ஒரே அலாரம் வெச்சு அஞ்சு தடவ ஸ்னூஸ் அழுத்துறவர் எந்த அணி? இத முதல் பேச்சாளர் மூடலன்னா ரெண்டாவது ஆளு புகுந்துடுவார், மீதி நேரம் பூரா ஸ்னூஸ் பத்தியே போகும். முதல் ஆளு எழுந்ததும் வரையறை: "ஸ்னூஸ் அழுத்தின ஒவ்வொரு தடவையும் ஒரு அலாரம்னு கணக்கு." எதிரணி கத்தும், கத்தட்டும். எல்லையப் பத்தின அந்தச் சண்டையிலதான் முதல் பெரிய சிரிப்பு வரும். நடுவர் அங்கேயே ஒரே வரியில தீர்ப்புச் சொல்லி நகரணும்.

ஜோக்குக்கும் வாதத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதுலயே தெரியும். அஞ்சு அலாரம் அணிக்காரர் "எங்க வீட்டம்மா குரலே ஆறாவது அலாரம்"னு சொன்னா சிரிப்பாங்க, ஆனா அது எந்த அணிக்கும் சேராது. இப்படிச் சொல்லட்டும்: "முதல் அலாரம் எழுப்ப இல்லைங்க. இன்னும் 40 நிமிஷம் தூங்கலாம்னு சொல்ல. ஒரே அலாரம் வெச்சவனுக்கு வாழ்க்கையில அந்தச் சந்தோஷமே கிடையாது." இது சிரிப்பும்தான், வாதமும்தான். இதுக்குப் பதில் இருக்கு: "அந்த 40 நிமிஷத்த அஞ்சு துண்டாத் தூங்குறாரு. நோட்ட சில்லறையா மாத்தினா செலவாயிடும்னு வீட்டுல சொல்லலையா? தூக்கமும் அப்படித்தான்." இப்ப மூணாவது ஆளுக்கும் பிடிக்கக் கயிறு கிடைச்சாச்சு.

அதனால எழுதி வெச்சுத்தான் பேசணும். 6 நிமிஷ நேரத்துக்கு, வீட்டுல சத்தமா வாசிச்சா 4 நிமிஷம் வர்ற அளவுக்கு எழுதினாப் போதும். மீதிய சிரிப்பு தின்னுடும். 6 நிமிஷத்துக்கே எழுதிட்டு வர்றவர் கடைசியில மணி அடிச்சதும் அவசர அவசரமா ஓட்டுவார், அவரோட பலமான வாதம் அந்த ஓட்டத்துலதான் சாகும். அஞ்சு வாதம், வாதத்துக்கு ஒரு சின்ன அட்டை. போன் வேண்டாம், திரை அணைஞ்சு அணைஞ்சு முகத்துல வெளிச்சம் விளையாடும். தன் அணிக்காரர்கிட்ட முழு ஜோக்கையும் சொல்லிடுங்க, இல்லன்னா ரெண்டு பேரும் ஒரே ஜோக்கோட வந்து நிப்பீங்க. எதிரணிக்கு வாதத்தோட தலைப்பு மட்டும்.

சுண்டெலி:

எதிரணிக்குத் தலைப்பக் குடுத்துட்டு அதுக்கு என்ன அக்கா விவாதம்னு பேரு? ஒத்திகை பார்த்த நாடகம்னு சொல்லுங்க. பிபிசி வானொலியில 'ஜஸ்ட் எ மினிட்' 1967லேர்ந்து ஓடுது. குடுத்த பொருளப் பத்தி 60 விநாடி, தயக்கம் கூடாது, சொன்னதத் திருப்பிச் சொல்லக் கூடாது, பொருள விட்டு விலகக் கூடாது. நிக்கோலஸ் பார்சன்ஸ் அத்தனை வருஷம் நடத்தினது இந்த மூணு விதிய வெச்சுத்தான். ஆளு திணறுறதப் பார்க்கத்தான் கூட்டம் வருது.

எழில்:

60 விநாடிக்கு அது அற்புதம். 6 நிமிஷம் தயாரிப்பில்லாமப் பேசச் சொன்னா ரெண்டாவது நிமிஷத்துல நாலு பேரும் ஒரே மூணு விஷயத்தத்தான் தொடுவாங்க, ஏன்னா யாருக்கும் முதல்ல தோணுறது அதுதான். உங்களுக்குத் திணறல் வேணும்னா மறுப்புரையில வெச்சுக்கோங்க: ஆளுக்கு ஒன்றரை நிமிஷம், அட்டை கிடையாது, எதிரணி சொன்ன வார்த்தையிலிருந்துதான் தொடங்கணும். தலைப்பு குடுக்கிறது மறுப்பு சூடா வரணும்கிறதுக்காகத்தான். ஜோக்கு தெரியாது, அதனால மேடையில அவர் முகம் உண்மையாவே மாறும்.

மைக்டெஸ்டிங்:

கொக்கரக்கோ கேட்ட நண்பர்கள் பிரச்சினைக்கு வழி ரொம்ப எளிசு. யார் எந்த அணின்னு போஸ்டர்லயும் போடாதீங்க, மேடையிலயும் முதல் வாக்கு முடியிற வரைக்கும் சொல்லாதீங்க. எந்தப் பக்கம் பொய் சொல்லணும்னே தெரியலன்னா எப்படிப் பொய் சொல்வாங்க? பேசுறவங்களுக்குத் தெரிஞ்சிருந்தாப் போதும், எழில் சொல்ற தயாரிப்பும் கெடாது. நுழையும்போதே ரெண்டு நிறச் சீட்டு, முடிவு பண்ணாதவங்களுக்கு வெள்ளை. கைதூக்கச் சொல்லாதீங்க, பக்கத்து சீட்டுக்காரரப் பார்த்துத் தூக்குவாங்க.

பேச்சு வரிசை அ, ஆ, அ, ஆ. கடைசிப் பேச்சு ஆ அணிக்குப் போறதால மறுப்புரைய ஆ அணி தொடங்கி அ அணி முடிக்கணும். இத விட்டா ரெண்டாவது வாக்குல அது தெரியும்.

ஒலி விஷயம் யாருமே பேசல. மேஜைங்க ரெண்டும் அரங்கத்தப் பார்த்து கொஞ்சம் சாய்வா இருக்கணும். நேருக்கு நேர் போட்டா அரங்கத்துக்குப் பக்கவாட்டு முகம்தான் தெரியும். ஆளுக்கு ஒரு மைக் குடுங்க. ஒரே மைக்க மேஜையில கைமாத்தினா, சட்டுனு குறுக்க விடுற ஒரு வரி மைக் வந்து சேர்றதுக்குள்ள செத்துடும். பதிவு பண்றதா இருந்தா அரங்கத்தப் பார்த்து தனியா ரெண்டு மைக். பேச்சாளர் மைக்குல வர்ற சிரிப்ப மட்டும் நம்பினா, வீடியோவுல எல்லாமே ஆறிப்போனதாத் தெரியும். நேரத்துக்கு விளக்கு வைங்க, 1 நிமிஷம் இருக்கும்போது மஞ்சள், முடிஞ்சதும் சிவப்பு. நல்ல சிரிப்பு ஓடும்போது மணி அடிச்சா சிரிப்பு அறுந்துடும்.

நடுவர்நாற்காலி:

விளக்கு நல்ல யோசனை. ஆனாலும் சிவப்பு எரிந்த பிறகும் பேசுகிறவரை விளக்கு நிறுத்தாது. மணி இருக்கட்டும், சிரிப்பு பாதியாக அடங்கியதும் அடிக்கட்டும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நடுவர் முன்னுரை 6 நிமிடம், நான்கு பேச்சு 24, இடையுரை நான்குக்கு 8, மறுப்புரை 6, அரங்கக் கேள்விகள் 8, வாக்கும் தீர்ப்பும் 8. மொத்தம் 60. அரங்கக் கேள்விகளுக்கு மட்டும் நடுவர் கையில் மைக் இருக்க வேண்டும், கேட்பவர் கையில் கொடுத்தால் திரும்பி வராது.

கொக்கரக்கோ:

அந்த 8 நிமிஷத்துலதான் எனக்குச் சந்தேகம். 100 சீட்ட ரெண்டு பேர் நிறம் பிரிச்சு, எண்ணி, மறுபடி சரிபார்த்து வர மூணு நாலு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் மேடையில யாரு? பாட்டுப் போட்டா ஆளுங்க எழுந்து போயிடுவாங்க.

நடுவர்நாற்காலி:

நடுவர்தான். சீட்டுகள் பெட்டிக்குள் போன பிறகு, எண்ணிக்கை வருவதற்குள் அவர் தன் தீர்ப்பைச் சொல்லட்டும். யாருடைய எந்த வாதம் விழுந்தது, எது கடைசிவரை பதிலில்லாமல் நின்றது என்று பெயர் சொல்லிச் சொல்லட்டும். "இருவரும் வென்றார்கள்" என்பதற்குத் தடை, சுண்டெலிக்காக.

மைக்டெஸ்டிங்:

சீட்டு உள்ள போனப்புறம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. அவர் ஒண்ணு சொல்லி, பெட்டி வேற சொன்னா, பெட்டி சொன்னதுதான் செல்லும்.

நடுவர்நாற்காலி:

நடுவர் சொன்னதுதான் செல்லும். இல்லையென்றால் அவரை வைத்து நேரம் ஓட்டுகிறீர்கள் என்று ஆகிவிடும்.

கொக்கரக்கோ:

எதுவா இருந்தாலும் முன்னுரையிலயே அறிவிச்சுடுங்க. முடிவு தெரிஞ்சப்புறம் விதிய அறிவிச்சா தோத்த அணி விடாது, அவங்களுக்குப் பேசத் தெரியும். என் ஓட்டு நடுவருக்கு. அவருக்கே சமநிலையாத் தெரிஞ்சா மட்டும் பெட்டி.