புதுப்பிப்பு: அம்பாசிடரின் ஆயில் ஒழுக்கு நின்றது (ஏறக்குறைய)

என் 1972 அம்பாசிடர் மார்க் 2 கார் நிறுத்திய இடமெல்லாம் ஆயில் சொட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் பின்பக்க கிராங்க் சீலை (எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையத்தை) மாற்றச் சொன்னீர்கள். இந்த 1489 சிசி எஞ்சினில் அங்கே ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் வெட்டிய திருகுபுரிதான் ஆயிலை உள்ளே திருப்புகிறது.

கிருஷ்ணகிரி மெக்கானிக் அண்ணன் எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி பத்து நிமிடம் ஓடவிட்டார். பக்கவாட்டு டேப்பட் மூடியின் (வால்வுகளை இயக்கும் டேப்பட்களை மூடும் தகட்டின்) கீழ்விளிம்பில் ஈரக்கோடு ஒன்று மெல்ல இறங்கியது. உள்ளே ஆயில் கசியாமல் இடைவெளியை அடைக்கும் கார்க் கேஸ்கெட் அப்பளமாக நொறுங்கியிருந்தது. யாரோ போல்ட்டை முறுக்கி மூடியையே வளைத்திருந்தார்கள். (அந்த யாரோ நான்தான்.)

உண்மையான குற்றவாளி, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய். வெல்லப்பாகு போல் கறுப்புக் கசடு அடைத்திருந்தது. உள்ளழுத்தம் வெளியேற வழியில்லாமல் ஆயிலைத் தள்ளியிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்து, மூடியைத் தட்டி நேராக்கி, புதுக் கார்க் வைத்தோம்.

ஞாயிறன்று சேலம் போய், தொப்பூர் கணவாய் ஏறித் திரும்பினேன். இரவு அடியில் விரித்த மாம்பழப் பெட்டி அட்டையில் காலையில் இரண்டே சொட்டு. திருகுபுரி எஞ்சினுக்கு அது மன்னிக்கத்தக்கது.