ரெகவரி பூட்ஸில் காற்று ஏறவில்லை, அவசரம்

ஈசிஆர்_ஓட்டம் | சனி இரவு 9.48
ஓடிய பிறகு காலில் மாட்டினால் காற்று ஏறி அழுத்திவிடும் கம்ப்ரெஷன் பூட்ஸ் வைத்திருக்கிறேன். இன்று காற்று ஏறவில்லை. மெஷின் ஓடுகிறது, சத்தம் வருகிறது, பூட்ஸ் தொளதொளவென்று கிடக்கிறது. ஜனவரியில் மாரத்தான், நாளை காலை 32 கி.மீ. பயிற்சி. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மெதுநடை | 9.55
இரண்டு காலுமா, ஒரு காலா? எத்தனை காற்று அறை உள்ள பூட்ஸ்? திரையில் எண் ஏதாவது வருகிறதா?

கோவைப்பம்பு (மூத்த உறுப்பினர்) | 9.58
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. பம்புக்குள் காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வு, டயஃப்ரம், இருக்கும், அது கிழிந்திருக்கிறது. மோட்டார் சுற்றும், சத்தம் வரும், காற்று வராது. மோட்டார்களோடு 22 வருடம் குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன். திருகைக் கழற்றிப் பாருங்கள்.

காலைப்பனி | 10.03
கழற்றுவதற்கு முன் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சோபாவின் காலுக்கு அடியில் சிக்கிக் கிடந்தது. அரை மணி நேரம் மெஷினைத் திட்டித் தீர்த்தேன்.

தென்காசிச்_சாரல் | 10.06
அடாப்டர் மாறியிருக்கும். பின் ஒன்றுபோல இருப்பதால் மோடத்தின் அடாப்டரைச் செருகிவிடுகிறோம். வோல்ட் குறைந்தால் மோட்டார் முனகும், காற்றைத் தள்ளாது.

ஈசிஆர்_ஓட்டம் | 10.14
குழாய் மடங்கவில்லை. அடாப்டர் அதேதான். ஜிப்பும் முழுக்கப் போட்டிருக்கிறேன். நான்கு அறை. திரையில் அழுத்தம் 80 காட்டுகிறது. இடது கால் எப்போதும்போல இறுக்குகிறது, வலதுதான் பிரச்சினை.

மெதுநடை | 10.15
இடது கால் வேலை செய்கிறது என்பதை 26 நிமிடம் கழித்துச் சொல்கிறீர்கள்!

கோவைப்பம்பு | 10.19
அப்படியென்றால் வலது பூட்ஸில் ஓட்டை. தையலை ஒட்டித்தான் கிழியும். சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி வரும் இடத்தில் ஒட்டுப் போடுங்கள். டயஃப்ரமும் பலவீனமாகத்தான் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அரசமரம் | 10.22
தவறாக நினைக்க வேண்டாம். காலுக்குக் காற்றடிக்க இவ்வளவு செலவா? லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்பதெல்லாம் விற்பவர்கள் சொல்வது. ஓடி முடித்து ஒரு மணி நேரத்தில் அது தானாகவே ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலிக்கு அது காரணமே இல்லை. சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். நல்லெண்ணெய் தேய்த்தால் இன்னும் நல்லது.

காலைப்பனி | 10.27
லாக்டிக் அமிலம் பற்றிச் சொன்னது சரி. அதற்காக எல்லாமே ஏமாற்று என்று ஆகிவிடாது. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருத்துவமனைகளில் இதே முறையில்தான் காலை அழுத்துகிறார்கள். நிணநீர் வீக்கத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கால் கனம் குறைகிறது, அது போதும்.

அரசமரம் | 10.30
நோயாளிக்குச் செய்வதை நோயில்லாதவர் காசு கொடுத்துச் செய்துகொள்கிறார் என்றுதான் நானும் சொல்கிறேன். கனம் குறைவது அரை மணி நேரம் சும்மா படுத்திருப்பதால்.

காலைப்பனி | 10.31
சும்மா படுத்திருக்க எங்கள் வீட்டில் யாரும் விடுவதில்லை. பூட்ஸ் போட்டிருந்தால் எழுப்ப மாட்டார்கள். இந்த ஒன்றுக்கே அந்த விலை தகும்.

பிசியோ_மதுரை | 10.38
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் பூட்ஸைப் போடக் கூடாது. காலுக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஈசிஆர், உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே?

சைக்கிள்கடை | 10.44
ஒரே பம்ப், ஒரே குழாய் வெளியே வந்து இரண்டாகப் பிரிந்து இரு காலுக்கும் போகும் மெஷினா? அப்படியென்றால் வலதில் ஓட்டை இருக்க வாய்ப்பில்லை. இரண்டு பாதத்துக்கும் காற்று சேர்ந்தேதான் போகிறது. வலதில் ஓட்டை இருந்தால் இடதின் காற்றும் அந்த வழியாகப் போய்விடும், 80 வரை ஏறவே ஏறாது. இடது இறுகுகிறது, திரையும் 80 காட்டுகிறது. அப்படியானால் வலதுக்குள் காற்று நுழையவே இல்லை. பஞ்சர் இல்லை, அடைப்பு.
பூட்ஸில் சேரும் குழாய் முனைகளின் இரண்டு பிளக்கையும் கழற்றி இடம் மாற்றிச் செருகுங்கள். வலது பூட்ஸ் அப்போதும் ஏறவில்லை என்றால் கோளாறு பூட்ஸில். இடது ஏறாமல் போனால் கோளாறு குழாயில்.

கோவைப்பம்பு | 10.49
80 என்று திரை காட்டினால் 80 என்று அர்த்தமில்லை. சென்சார் பழுதாகியிருந்தால் எதையும் காட்டும். அனுபவத்தில் வருவது இது.

சைக்கிள்கடை | 10.51
சென்சார் பழுது என்றால் இடது கால் இறுகுவது எப்படி, அண்ணா?

ஈசிஆர்_ஓட்டம் | 11.02
வீக்கம் இல்லை, மேடம். ஆமாம், ஒரே குழாய் பிரிகிறது. மாற்றிச் செருகினேன். வலது பூட்ஸ்தான் ஏறவில்லை. தொடைப் பகுதி மட்டும் உப்புகிறது, பாதமும் கெண்டையும் முழங்காலும் அப்படியே.

மெதுநடை | 11.04
தொடை உப்புவதையும் இப்போதுதான் சொல்கிறீர்கள். கடைசியாக நன்றாக வேலை செய்தது எப்போது? அதற்குப் பிறகு வலது பூட்ஸுக்கு மட்டும் ஏதாவது நடந்ததா?

ஈசிஆர்_ஓட்டம் | 11.09
ஒன்றும் நடக்கவில்லை. போன மாதம் அதன்மேல் காபி கொட்டியது. துடைத்துப் பால்கனிக் கொடியில் போட்டோம். பிறகு ஊருக்குப் போய்விட்டோம், மூன்று வாரம் அங்கேயே தொங்கியது. இடது அலமாரியில் இருந்தது.

சைக்கிள்கடை | 11.11
மூன்று வாரம் பால்கனியில்! பூட்ஸில் பிளக் சேரும் இடத்தில் நான்கு துளை இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

தென்காசிச்_சாரல் | 11.13
குளவி. எங்கள் பக்கம் சாவித்துவாரத்தைக்கூட விடாது.

கோவைப்பம்பு | 11.20
குளவியாம். எதற்கும் டயஃப்ரத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஈசிஆர்_ஓட்டம் | 11.41
மூன்று துளையில் மண். சிமெண்ட் பூசியதுபோல வழவழவென்று அடைத்திருக்கிறது. ஊக்கால் குத்தி எடுத்தேன், ஒன்றில் பச்சைப் புழுக்கள் இருந்தன. இப்போது ஏறுகிறது. எல்லோருக்கும் நன்றி. காலை 4 மணிக்கு எழ வேண்டும்.

சைக்கிள்கடை | 11.44
ஊக்கை உள்ளே தள்ளிக் குத்தினீர்களா, வெளியே கிளறி எடுத்தீர்களா? உள்ளே போன மண் அடுத்த முறை காற்றோடு அறைக்குள் போகும். திரும்பி வந்து மெஷினின் வால்வில் உட்கார்ந்தால் இரண்டு காலும் நின்றுவிடும். பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து, காற்றை வெளிப்பக்கமாகப் பிழிந்து உதறிவிட்டுப் போடுங்கள்.

மெதுநடை | ஞாயிறு காலை 7.15
ஈசிஆர், உதறினீர்களா?

அரசமரம் | 7.32
32 கி.மீ. ஓடிக்கொண்டிருப்பார். அந்தப் புழுக்கள் குளவி தன் குஞ்சுக்குச் சேர்த்து வைத்த சாப்பாடு, தெரியுமா?

மெதுநடை | திங்கள் இரவு 8.50
ஈசிஆர்?