மடிப்பாக்கம் பக்கம் போலீஸ் ஸ்டேஷன் வருவதற்கு முன் திருட்டை யார் விசாரித்தார்கள்?

ஏரிக்கரை வாசி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஃபிளாட் வாங்கிக்கொண்டு மடிப்பாக்கம் வந்தவர்கள் இல்லை, ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்து ஆட்கள். அம்மாவின் தாத்தா தலையாரியாக, அதாவது ஊர்க்காவல்காரராக இருந்தாராம். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பித்தளை வில்லை (பதவி அடையாளத் தகடு) ஒன்று கிடைத்தது. எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. பாட்டியைக் கேட்டால், "அந்தக் காலத்துல யார் வீட்டைப் பூட்டினா? திருட்டே கிடையாது" என்கிறார். திருட்டே இல்லை என்றால் தலையாரி எதற்கு? அவர் போலீஸா, இல்லையா? இதையெல்லாம் பற்றி எழுத்தில் எங்கேயாவது இருக்குமா?

எழும்பூர் நடையன்:
கிராமத்துக் கதை எனக்குத் தெரியாது, பட்டணத்துக் கதை சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கோட்டைக்கு வெளியே இருந்த ஊருக்கு பெத்த நாயக்கர் என்பவர்தான் காவல். பரம்பரைப் பதவி. பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ஊருக்குள் வரும் சரக்கில் அவருக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இன்றைக்கு யாராவது ஸ்டேஷனில் போய் ஈடு கேட்டுப் பாருங்களேன்! நகரத்துக்குச் சட்டப்படி போலீஸ் வந்தது 1856இல். நேரம் கிடைத்தால் எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் கட்டடத்தைப் பாருங்கள், 2021 முதல் அது போலீஸ் அருங்காட்சியகம்.

ஓய்வுபெற்ற விஏஓ:
தம்பி, முதலில் அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும். காலை வெயிலில் சாய்த்துப் பிடித்து ஃபோட்டோ எடுங்கள். தாலுகா பெயர் இருந்தால் "சைதாப்பேட்டை" என்று இருக்கும். உங்கள் ஊர் அப்போது செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011இல்தானே.

என் அப்பா உங்களுக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு ஊரில் கிராம முன்சீப், அதாவது வரி வசூலும் ஊர்க்காவலும் பார்த்த ஊர் அதிகாரி. 1980 நவம்பர் 14ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் (ஊர்க் கணக்கர்) பதவிகளை ஒரே அடியாக ஒழித்தபோது அவர் வேலையும் போனது. அப்புறம் நான் பரீட்சை எழுதி வி.ஏ.ஓ. ஆனேன் என்பதில் அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று கடைசி வரை சொல்லவில்லை.

தலையாரி போலீஸ் இல்லை. ஆனால் ஊரில் போலீஸ் வேலை பார்த்தவர் அவர்தான். 1816இல் கம்பெனி ஒரு ரெகுலேஷன் (சட்டம்) போட்டு ஊர்க்காவல் பொறுப்பை முன்சீப்பிடமும் அவருக்குக் கீழே தலையாரியிடமும் கொடுத்தது. மேலே தாசில்தார், கலெக்டர். அதாவது வரி வசூலிக்கிறவரும் அடித்து விசாரிக்கிறவரும் ஒரே ஆள். 1855இல் சித்திரவதை கமிஷன் ஒன்று உட்கார்ந்து, வரி பாக்கிக்காக விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தது வரை எழுதி வைத்தது. அதன் பிறகுதான் 1859இல் ஜில்லாக்களுக்குத் தனிப் போலீஸ். அந்தச் சட்டம் இன்னும் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது.

சரி, பாட்டி சொன்னதற்கு வருகிறேன். திருட்டு இருந்தது, அதை எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும்? தலையாரி வரப்பு வழியாக ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். அங்கிருந்து ஏட்டய்யா வருவார், அவருக்குச் சாப்பாடு, வண்டி, மற்றதெல்லாம். களத்தில் இரண்டு மரக்கால் கேழ்வரகு காணாமல் போனதற்கு இவ்வளவு செலவா? சாவடியில் கூப்பிட்டு வைத்துப் பேசி, திருப்பிக் கொடுக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள். மாடு போனால் வேறு மாதிரி. இடையாள் ஒருவர் வந்து, இவ்வளவு கொடுத்தால் இன்ன தோப்பில் மாடு கட்டிக் கிடக்கும் என்பார். மதுரை, ராமநாதபுரம் பக்கம் இதற்குத் துப்புக்கூலி என்று பெயரே உண்டு. எங்கள் பக்கம் பெயர் வைக்காமலே நடந்தது.

கொலை என்றால் மறைக்க முடியாது. முன்சீப் புகார் சொன்னவரிடம் வாக்குமூலம் எழுதி, கைரேகை வாங்கி, அச்சடித்த யாதாஸ்து (குற்ற அறிக்கை) ஃபாரத்தை நிரப்பி ஸ்டேஷனுக்கு ஒன்று, மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒன்று அனுப்ப வேண்டும். தலையாரி இரண்டு பேர் இருந்தால் ஒருவர் யாதாஸ்து கொண்டு ஓடுவார், இன்னொருவர் விடியும் வரை பிணத்துக்குப் பக்கத்தில் லாந்தர் வைத்துக்கொண்டு நாய் விரட்டுவார். போலீஸ் வந்து பஞ்சாயத்தார் முன்னால் பார்வையிடும் வரை பிணத்தை யாரும் நகர்த்தக் கூடாது. உங்கள் கொள்ளுத்தாத்தா இந்த வேலையைக் கட்டாயம் பார்த்திருப்பார்.

அப்பா பயந்தது கொலைகாரனுக்கு இல்லை, எதிர்க்கட்சி வக்கீலுக்கு. "சம்பவம் ராத்திரி எட்டு மணி. மாஜிஸ்ட்ரேட் கைக்கு யாதாஸ்து வந்தது மறுநாள் மத்தியானம். நடுவில் யார் பெயரைச் சேர்த்தீர்கள்?" என்று கூண்டில் நிற்க வைத்துக் கேட்பார்களாம். சில ஊர்களில் சேர்த்ததும் உண்டு. முன்சீப்புக்கும் பங்காளிச் சண்டை இருக்கும் அல்லவா?

தேட வேண்டிய இடம் எழும்பூர் ஆவணக் காப்பகம். செங்கல்பட்டு ஜில்லா ரெக்கார்டுகள், நீதித்துறை அரசாணைகள், வருஷாவருஷம் வந்த போலீஸ் நிர்வாக அறிக்கைகள் இவற்றைக் கேளுங்கள். 1879இல் க்ரோல் எழுதிய செங்கல்பட்டு மானுவல் என்ற ஜில்லா விவர நூலையும் புரட்டுங்கள். அறிக்கையில் குற்ற எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஊர் நல்ல ஊர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டேஷன் தூரம் என்றும் இருக்கலாம், முன்சீப் கெட்டிக்காரர் என்றும் இருக்கலாம்.

தென்சென்னைக்காரி:
ஐயா, சாவடியில் பேசி முடித்தார்கள் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன அதே 1816 ரெகுலேஷனில் சில்லறைத் திருட்டுக்கும் அடிதடிக்கும் மேல்சாதிக்காரரைச் சாவடியில் அடைத்து வைக்கலாம், "கீழ்சாதி"யாரைக் காலைப் பூட்டும் தண்டனைக் கட்டையில் மாட்டலாம் என்று இருக்கிறது. அதை விட்டுவிட்டீர்களே. அப்புறம் கைரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம். 1911 முதல் இந்த மாகாணத்தில் முழுச் சாதிகளையே பதிவேட்டில் ஏற்றி, ராத்திரி ஆஜர் சொல்ல வைத்தார்கள். அதை எதிர்த்துதான் 3.4.1920 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது. எங்கள் ஆயா வீட்டில் பூட்டு இல்லாததற்குக் காரணம் பூட்டி வைக்க எதுவும் இல்லை என்பதுதான்.

ஓய்வுபெற்ற விஏஓ:
நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. அப்பா காலத்தில் கட்டை இல்லை. ஆனால் சாவடித் திண்ணையில் யார் உட்கார்ந்து பதில் சொன்னார்கள், யார் கீழே நின்று சொன்னார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். தலையாரிகள் பெரும்பாலும் கீழே நிற்பவர்கள் பக்கத்து ஆட்கள். விசாரணையில் தன் சொந்தக்காரனைக் கூட்டிவருவதும் அவர்தான், ஏட்டய்யாவிடம் அதற்காக ஏச்சு வாங்குவதும் அவர்தான்.

ஏரிக்கரை வாசி:
மிக்க நன்றி ஐயா, அக்கா. வில்லையை ஃபோட்டோ எடுத்தேன், "சை" மட்டும் தெரிகிறது. ஆவணக் காப்பகத்தில் தலையாரி பெயரோடு சம்பளப் பட்டியல் எதுவும் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற விஏஓ:
பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் ஊரில் நடந்த ஒரு கொலை வழக்கின் வருஷத்தைப் பாட்டியிடம் கேட்டு வாங்குங்கள், வயதானவர்களுக்கு அது மறக்காது. அது ஹைகோர்ட் அப்பீல் வரை போயிருந்தால் தீர்ப்பில் முன்சீப் சாட்சி, தலையாரி சாட்சி என்று வரிசையாக வரும். ஒன்றிரண்டு தீர்ப்பில் தலையாரி பெயரே இருக்கும்.